வெளிச்சம் திரும்பாத கோட்டு

இந்த மேஜை விளக்கை யாரோ விவரம் தெரியாதவர்தான் இங்கே வைத்திருக்க வேண்டும், ஐயா. வலது கையால் எழுதுகிறவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். நான் வந்ததிலிருந்து அந்த அம்மா என் வாக்குமூலத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே எழுதுகிறார். நகர்த்தி வைக்கட்டுமா? வேண்டாம் என்றால் சரி.

அண்ணன் சாவுக்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். குற்றம் என்று எழுதாதீர்கள். இரண்டு சொல்லுக்கும் விலை வேறு. நான் கடைவீதியில் வளர்ந்தவன். எடுத்த எடுப்பில் சொன்ன விலைக்கு எதையும் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. நீங்களும் பேரம் தெரிந்தவர் மாதிரிதான் இருக்கிறீர்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மற்றதையெல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான். விற்க நினைத்த துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறு துணிகளை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். வந்தவன் கண் தானாக ஓரத்துக்குப் போகும். என் கண்ணும் போகிறது, மறைக்கவில்லை.

அப்பாவுக்கு ஜவுளிக் கடை. கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் விழும், உள்ளே குழல்விளக்கு. எந்தத் துணியை எந்த வெளிச்சத்தில் விரிப்பது என்பதுதான் அவர் தொழிலே. "பொய் மட்டும் சொல்லாதீங்கடா. பொய் சொன்னவன் மறுநாள் கடையைச் சாத்தணும். துணியை எங்க விரிக்கிறோங்கிறதுல இருக்கு வியாபாரம்" என்பார். நான் அதைக் கற்றுக்கொண்டேன். அண்ணன் கற்றது வேறு. விற்கிறவன் எதைக் கையில் திணிக்கிறானோ அதைத் தொடாதே; எதை வேண்டாம் என்கிறானோ அதில்தான் சாரம் இருக்கிறது. கடைவீதியில் அது நல்ல பாடம். அவர் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்.

பால் திரிந்துவிட்டது என்று நான் சொன்னால், நானே குடிக்க ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்று சொம்பைக் கவிழ்த்துக் குடிப்பார். அப்புறம் சாயங்காலம் வரை கழிப்பறைக் கதவு திறக்காது. கிடங்கு ஏணி ஆடுகிறது என்றேன். "மேல என்னத்தடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று ஏறினார். விழுந்ததில் வலது காது கேட்காமலே போயிற்று. அந்தக் காதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எனக்கும் புத்தி வந்தது. ஒன்று வேண்டும் என்றால் வேண்டாம் என்பேன். அண்ணனை ஓட்டுவது படகு ஓட்டுவது மாதிரி, ஐயா. இடப்பக்கம் துடுப்புப் போட்டால் வலப்பக்கம் போவார். அப்பா போன பிறகு துணிக்கடையை விற்றுவிட்டு ரிஃப்ளெக்டர் பட்டை செய்யும் பட்டறை போட்டது எப்படி என்று நினைக்கிறீர்கள்? "அந்தத் தொழில் நமக்கு ஒத்து வராதுண்ணே" என்றேன். ஒரே வாரத்தில் இடம் பார்த்துவிட்டார். நான் செய்தேன், அவர் விற்றார். வாங்க வருகிறவர்களிடம் என் தோளைத் தட்டி, "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்பார். அதில் மட்டும் பொய் இல்லை. அவர் எதற்கும் அஞ்சியதில்லை.

பட்டை என்றால் சாலையில் வேலை செய்கிறவர்கள் கையில்லாத கோட்டு போட்டிருப்பார்களே, அதன் குறுக்கே தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. பார்க்கத் துணி. உண்மையில் அது கோடிக் கணக்கான கண்ணாடி மணி. மாவை விட நைசு. மூச்சு விட்டால் பறந்துவிடும். மெழுகு மாதிரி ஒரு தாளைச் சூடாக்கி அதன் மேல் மணியைத் தூவுவோம். ஒவ்வொரு மணியும் பாதி அமிழும், பாதி வெளியே நிற்கும். தாளைத் தொட்டிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு அலுமினியத்தை ஆவியாக்கினால், வெளியே நிற்கும் பாதியில் மட்டும் அது படியும். அப்புறம் அந்தப் பக்கம் பசை தடவித் துணியில் அழுத்தி, தாளை உரித்துவிடுவோம். இப்போது பூசாத பாதி வெளியே, பூசிய பாதி உள்ளே. எதிரே வருகிற வெளிச்சம் மணிக்குள் நுழையும், வளையும், முதுகில் உள்ள அலுமினியத்தில் முட்டும், வந்த வழியே திரும்பிப் போகும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகும், ஐயா. அதுதான் சூட்சுமம். விளக்கை ஏந்தியவன் கண்ணுக்குத்தான் அது எரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அழுக்குச் சாம்பல்.

இதைச் சோதிக்கத் தெரியாதவர்கள் அதிகம். டார்ச்சை இடுப்பருகே பிடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க ஒண்ணுமே தெரியல" என்பார்கள். வெளிச்சம் அவர் இடுப்புக்குத் திரும்பிப் போயிருக்கும். இடுப்பில் கண் கிடையாதே. டார்ச்சைக் காதோரம், கண்ணுக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஆமாம், நீங்கள் உங்கள் டார்ச்சைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, அப்படித்தான். இந்த ஊரில் இதை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டவர் நீங்கள்தான்.

ரோஷக்கார மணி அது. மேலே ஒரு பொட்டுத் தண்ணீர் படர்ந்தாலே குருடாகிவிடும். காய்ந்தால்தான் மறுபடி பார்வை வரும். தாள் போதிய சூடு ஏறாவிட்டால் இன்னும் மோசம். மணி பிடிமானம் இல்லாமல் உருளும், சுற்றிலும் அலுமினியம் படிந்துவிடும். முன்பக்கமும் மூடிய மணிக்குள் வெளிச்சம் நுழைய முடியாது; பட்டு நாலாபக்கமும் தெறிக்கும். வந்தவனிடம் மட்டும் திரும்பாது. ஆனால் கடை விளக்கில் அதை விரித்துப் பாருங்கள். நல்ல பட்டை மங்கிக் கிடக்கும். கெட்ட பட்டை வெள்ளித் தட்டு மாதிரி ஜொலிக்கும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சொன்னவன் எங்கள் தொழில்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு சுற்றுப் பட்டை முழுக்கக் கெட்டுப்போயிற்று. அண்ணனிடம் சொன்னேன்.

"இது வெளிச்சத்தைத் திருப்பாதுண்ணே. அனுப்பக் கூடாது."

அவர் அதைக் குழல்விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "டேய், நம்ம பட்டறையில இப்படி ஒரு பளபளப்பு வந்ததே இல்ல. தனியா யாருக்குடா விக்கலாம்னு பாக்குற?" மறுநாளே கோட்டில் தைத்து, சுரங்கப்பாதை வேலைக்கு அனுப்பிவிட்டார். மலையைக் குடைந்து சாலை போடுகிறார்களே, அங்கே.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அனுப்பாமல் இருக்க வேண்டும் என்றால் நான் அதைப் புகழ்ந்திருக்க வேண்டும். தெரியும். அன்று களைப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். களைப்பில் உண்மை பேசுவது குற்றமா?

சுரங்கத்தில் நெட்டை என்று ஒரு தொழிலாளி. ஆறடிக்கு மேல் இருப்பான். தலைக்கவசத்தோடு குனிந்தே நடப்பான். கல் ஏற்றி வந்த லாரி அவன் காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நானும் அண்ணனும் மருத்துவமனைக்குப் போனோம். கட்டில் பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அண்ணனிடம் கேட்டார்.

"இந்தக் கோட்டைப் போட்டா வண்டிக்காரனுக்கு நல்லாத் தெரியும்னு சொன்னீங்களாமே. அவன் தெரியவே இல்லைங்கிறான். ஏங்க?"

அண்ணன் என் தோளில் கை வைத்தார். எப்போதும் தட்டுகிற அதே தோள். "எனக்கு விக்க மட்டும்தாம்மா தெரியும். செய்யறது தம்பி. ஏதாவது கோளாறு இருந்தா அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா? அவனையே கேளுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நெட்டையும் பார்த்தான். வெளியே வராந்தாவில் அண்ணன் சொன்னார்: "டிரைவர் தூங்கியிருப்பான்டா. நம்ம சரக்கு தங்கம்." என்னை ஏமாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. மனதார நம்பினார். நான் சொன்னது அவர் ஞாபகத்திலேயே இல்லை. கேட்காத காதில் விழுந்தது மாதிரி.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நெட்டைக்குக் கால் போனதும் சுரங்கத்து ஆட்கள் அந்தக் கோட்டைக் கழற்றிக் குவியலாகப் போட்டுவிட்டார்கள். இதைப் போட்டுக்கொண்டு உள்ளே போக மாட்டோம் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். எஞ்சினியர் எங்களைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் மார்பைத் தட்டினார்.

"விக்கிறவன் உடுத்திக் காட்டணும்னு எங்கப்பா சொல்லுவாரு. நாளைக்கு இதே கோட்டைப் போட்டுக்கிட்டு உங்களோட ஒரு ஷிப்ட் முழுக்க நானும் உள்ள நிக்கிறேன். போதுமா?"

அது உண்மை. விற்காத துணியில் அப்பா சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருவார். மாலைக்குள் அந்தத் துணி தீர்ந்துவிடும். எங்கள் குடும்ப வழக்கம் அது. ஆனால் சட்டைத் துணி யாரையும் கொல்லாது.

அந்த இடத்தில் நான் ஒன்று செய்திருக்கலாம். "நல்ல யோசனைண்ணே, கண்டிப்பா போங்க" என்று சொல்லியிருந்தால் போதும். என்னவோ சூது இருக்கிறது என்று மறுநாள் காய்ச்சல் வந்து படுத்திருப்பார். நான் சொன்னது: "வேண்டாண்ணே. ஆபத்து." எஞ்சினியர் காதிலும் விழுந்தது, ஆட்கள் காதிலும் விழுந்தது. எல்லாரும் சாட்சி. உண்மையைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கையில் இரண்டு கோட்டு. ஒன்று அந்தச் சுற்றில் தைத்தது, ஜொலிப்பது. இன்னொன்று பழைய சரக்கு, மங்கல். இரண்டுமே கருநீலத் துணி, அண்ணன் அளவு. சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் ஓரமாக விரித்தேன். நல்ல வெயில். ஜொலிக்கிறது இன்னும் ஜொலித்தது.

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன். "அண்ணே, இந்த மங்கலானதைப் போட்டுக்கோங்க. பளபளப்பா இருக்கறது வெளிச்சத்தைத் திருப்பாது. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய மாட்டீங்க."

அண்ணன் சிரித்தார். "அப்ப பழைய சரக்குதான் உசத்தி. புதுசை நான் அனுப்பினதுதான் தப்பு. அதை நான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும். அதானேடா உன் கணக்கு?"

"கணக்கெல்லாம் இல்லண்ணே."

அண்ணி குறுக்கே வந்தார்கள். "என்னங்க, தம்பி இவ்வளவு சொல்றாரு. வாழ்நாள்ல ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டாத்தான் என்ன? குடியா முழுகிடும்?"

அப்போது அண்ணன் கை மங்கலான கோட்டின் மேல் போயிற்று. காலரைப் பிடித்துத் தூக்கிக்கூடப் பார்த்தார். அண்ணி சொல்லியிருப்பார்களே, சொன்னார்களா? தம்பி அந்த நேரம் கல் மாதிரி நின்றார் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான், எனக்குப் பதற்றமே இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடவில்லை. எதை எடுத்தாலும் அது அவர் விருப்பம் என்று இருந்தேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு அதை நாற்காலி முதுகில் வீசிவிட்டு மற்றதை எடுத்து மாட்டிக்கொண்டார். "பளபளன்னு இருக்கறதைப் போடாதேன்னு சொல்ற ஒரே வியாபாரி இவன்தான், பாத்துக்கோ" என்று அண்ணியிடம் கண்ணடித்தார். அண்ணியும் சிரித்துவிட்டார்கள். பாவம், அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இப்போது அழுகிறார்கள்.

சுரங்க வாசலில் பெரிய பெரிய விளக்கு. அங்கே அண்ணன் ராஜா மாதிரி இருந்தார். "முதலாளி கல்யாண மாப்பிள்ளை கணக்கா மின்னுறாருடா" என்று ஆட்கள் கைதட்டினார்கள். எஞ்சினியர்கூட என்னைப் பார்த்து, "நீங்க சும்மா பயமுறுத்திட்டீங்களே" என்றார். வாசல் விளக்குகள் பக்கவாட்டில் இருந்தன. உள்ளே, வளைவைத் தாண்டினால் விளக்கு இல்லை. லாரியின் இரண்டு கண் மட்டும்தான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் வியாபாரம்.

அவர் முதுகு வளைவில் மறைகிற வரை நின்று பார்த்தேன். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தேன். கொட்டகைக்காரர் சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். இரண்டாவது டீ ஆறுவதற்குள் உள்ளே கூச்சல் கேட்டது.

லாரி பின்பக்கமாக வரவில்லை, எதிரே வந்திருக்கிறது. சத்தம் வலப்பக்கச் சுவரில், அந்தக் கேட்காத காதுப் பக்கம் முட்டி வந்ததால் அண்ணனுக்குக் கேட்கவில்லை. லாரி விளக்கைக்கூடப் பார்க்காமல் அவர் குனிந்து, சுவரோரம் நின்ற ஒரு தொழிலாளியின் பட்டையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாராம். கடைசி வரை விற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். டிரைவர் சொன்னதை நீங்களும் எழுதி வைத்திருப்பீர்கள். "வெளிச்சத்துல ஒண்ணுமே இல்ல சார். இருட்டு மட்டும்தான் இருந்துச்சு." அவரை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் சொன்னது அறிவியல்.

இப்போது என் கடைசி விலையைச் சொல்கிறேன். நான் மங்கலானதைப் போடச் சொன்னால் அவர் ஜொலிப்பதைத்தான் போடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நினைத்தீர்கள், இறங்கிவிட்டேன். அந்த அம்மா எழுதிக்கொள்ளட்டும். ஆனால் இதையும் சேர்த்து எழுதட்டும்: நான் பொய் சொல்லவில்லை. மேஜையில் சாவும் இருந்தது, உயிரும் இருந்தது. எது எது என்று அடையாளம் காட்டினேன். எடுத்தது அவர் கை. வாங்கியவன் தானே பார்த்துப் பொறுக்கிய சரக்குக்குக் கடைக்காரன் பொறுப்பில்லை. எந்தக் கடைவீதியிலும் இதுதான் சட்டம். என்னை ஒரே ஒரு முறை நம்பியிருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். அவரைக் கொன்றது அந்த நம்பாத குணம்.

பொட்டலத்தைப் பிரிக்கிறீர்களா. பிரியுங்கள்.

ஓ, அந்த மங்கல் கோட்டு. அண்ணி கொடுத்தார்களா? சாவு வீட்டில் அந்த நாற்காலியில் பார்த்தேன், இல்லை. அலமாரியிலும் பார்த்தேன், துவைக்கப் போட்ட துணியிலும் பார்த்தேன். ஒரு ஞாபகத்துக்குத்தான், ஐயா. அண்ணன் கை கடைசியாகத் தொட்ட சரக்கு இல்லையா. அண்ணி பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. தம்பி பேச்சைக் கேட்டிருந்தால் இதைத்தானே போட்டிருப்பார் என்று எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

கட்டைவிரலால் ஏன் அப்படித் தடவுகிறீர்கள்? வழவழப்பாக இருக்கிறதா. ஆமாம், நல்ல பட்டை விரலுக்குக் கொஞ்சம் சொரசொரக்கும், நைசான உப்புத்தாள் மாதிரி. மணிகளின் தலை அது. பழைய சரக்கு, தேய்ந்திருக்கலாம்.

விளக்கை அணைக்கச் சொல்கிறீர்களா? அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாமல் போகுமே. சரி, உங்கள் இடம், உங்கள் விருப்பம்.

டார்ச்சைக் காதோரம் பிடித்திருக்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே. கை ஆடாமல் பிடித்திருக்கிறீர்கள். அண்ணனுக்கு எத்தனை வருஷம் சொல்லியும் வராத விஷயம். போதும், ஐயா, நேரே போட்டாலும் சாய்த்துப் போட்டாலும் ஒன்றுதான். திரும்பாது.

முந்தின ராத்திரி நான் இதில் பூசியது மரச் சாமான்களுக்குப் பூசுகிற வார்னிஷ். நிறமும் இருக்காது, மினுக்கமும் இருக்காது. மணிக்கு மேலே தண்ணீர் படர்ந்தால் காய்ந்துவிடும் என்றேன்; இது காயும், ஆனால் போகாது. ஒரே ஒரு கை பூசினேன், அதுவே போதும்.

விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, எழுதுங்கள். இவ்வளவு நேரம் சொன்ன அந்தக் கடைசி விலையை அடித்துவிடுங்கள்.

பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு முறைகூட நம்பாத மனிதர்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்திருந்தால், ஐயா?